ஊருக்கு வந்ததால் போன வேலையா?

போன வாரம் சித்தப்பா மகள் சாத்தூரிலிருந்து போன் செய்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நான்கு வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். வரும் ஏப்ரல் முதல் எல்லாரும் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று மெயில் வந்திருக்கிறது. "அக்கா, நான் பேசாம சென்னைக்கே போயிடவா? நீ கோவில்பட்டியில வந்து உட்கார்ந்ததாலதான் உன் வேலை போச்சுன்னு அம்மா சொல்றாங்க" என்றாள்.

அவள் மனதில் ஒன்றும் இல்லை, காதில் விழுந்ததைக் கேட்டாள். ஆனால் இதே பேச்சை நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில், செண்பகவல்லி அம்மன் கோவில் பிராகாரத்தில், ரேஷன் கடை வரிசையில். "சென்னையிலேயே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்பவர்கள் எல்லாரும் என் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அந்தப் பேச்சு எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா காதிலும் விழுகிறதே, அதுதான் தாங்கவில்லை. நான் ஊருக்கு வந்தது அவருக்காக. மகள் வேலை தன்னால்தான் போயிற்று என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். அதனால் இதை ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன்.

அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். 2020 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போன மனிதருக்கு வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டது. ஊரடங்கு நேரம். மருத்துவக் காரணம் காட்டி இ-பாஸ் வாங்கி, சென்னை மேடவாக்கத்திலிருந்து வாடகைக் கார் பிடித்து, நானும் ஆறு வயது மகளும் வந்து சேர்ந்தோம். டிக்கியில் இரண்டு பெட்டித் துணி, மடியில் கம்பெனி லேப்டாப். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். அப்பாவுக்குத் தினமும் பிசியோதெரபி, அம்மாவால் அவரைத் தனியாகத் தூக்க முடியாது என்றெல்லாம் ஆனபோது, பத்து நாள் பத்து மாதமாயிற்று. மெடிக்கல் ரெப்பாக இருக்கும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வாங்கி வந்துவிட்டார். மேடவாக்கம் வீட்டைக் காலி செய்தோம்.

எனக்குக் கிடைத்தது பின்கட்டு அறை. ஆச்சி உயிரோடு இருந்த காலத்தில் தீப்பெட்டி ஒட்டிய அறை அது. மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது சிந்திச் சிந்தி, சிமென்ட் தரையில் ஒரு மூலை இன்றைக்கும் நீலப்பச்சையாகவே இருக்கிறது. அந்த மூலையில்தான் என் மேஜையைப் போட்டேன்.

என் வேலை டெஸ்டிங். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மென்பொருளை எங்கள் கம்பெனி பராமரித்தது. அதில் ஒவ்வொரு மாற்றம் வரும்போதும், பாலிசிதாரர் பணம் சரியாகக் கணக்காகிறதா, புதுப்பிக்கும் தேதி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது எங்கள் குழு. 2015 ஜூலையில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். அதற்கு முன் வேறு ஒரு இடத்தில் எட்டு வருடம். ஊருக்கு வந்த பிறகு வேலை குறையவில்லை, கூடத்தான் செய்தது. முன்பு ஆபீஸ் போகும்போது சோழிங்கநல்லூர் சிக்னலில் செலவான நேரமெல்லாம் கம்பெனிக்குத்தான் போயிற்று. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டர் மதியம் வரைக்கும் தாங்கும். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் வைத்திருக்கும் மாமா வீட்டுக்கு ஓடுவேன். நான்கு வருடத்தில் ஒரு ரிலீஸ்கூட, அதாவது மென்பொருளின் புது மாற்றத்தை வெளியிடுவது, என்னால் தள்ளிப்போனது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பேசுபவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மீட்டிங் நடக்கும்போது அறைக் கதவின் கொண்டியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவேன். துண்டு தொங்கினால் யாரும் உள்ளே வரக்கூடாது, மிக்சி போடக்கூடாது. அப்பாகூட இருமலை அடக்கிக்கொள்வார்.

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. மதியம் மூன்றரைக்கு ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது. 'கனெக்ட்' என்று தலைப்பு, பதினைந்து நிமிடம். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அந்த மாதிரி அழைப்பைப் பார்த்ததும் வயிறு கலங்கும். துண்டைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். மேனேஜர் கேமராவை அணைத்து வைத்திருந்தார். எச்ஆரிலிருந்து நான் அதுவரை பார்த்தே இராத ஒரு பெண் பேசினார். கிளையன்ட் ஒப்பந்தத்தைக் குறைத்துவிட்டார், உங்கள் இடம் இனி இல்லை, இன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் சேர்த்துத் தருவோம், இல்லையென்றால் டெர்மினேஷன் லெட்டர்தான், அது அடுத்த கம்பெனியின் பின்னணிச் சோதனையில் உங்களுக்குச் சிக்கலாகும் என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். கடைசி வேலை நாள் பிப்ரவரி 29. ஆனால் சிஸ்டம் அனுமதி அன்றைக்கே முடிகிறது. யோசிக்க அவகாசம் கேட்டேன், திங்கட்கிழமை வரை தந்தார்கள். நான்கு மணிக்குத் திரை தானாகவே லாக் ஆகிவிட்டது.

அறையில் நான் மட்டும். ஆபீசாக இருந்தால் பக்கத்து சீட்டில் யாராவது தோளில் கை வைத்திருப்பார்கள், கேன்டீனுக்குக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். துண்டை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்தால் அம்மா காபியோடு உள்ளே வருவாள், சொல்லியாக வேண்டும். ஆறு மணி வரைக்கும் அது கொண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வீடு முழுவதும் எனக்காகச் சத்தம் காட்டாமல் இருந்தது.

மறுநாள் ஐடி ஊழியர்களுக்கான சங்கம் ஒன்றில் இருக்கும் ஒருவரின் எண்ணைத் தோழி கொடுத்தாள். அவர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார். ராஜினாமா என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், கம்பெனி அனுப்பியது என்பதே காகிதத்தில் இல்லாமல் போய்விடும், நீங்களாகப் போனதாகத்தான் ஆகும் என்றார். அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டப்படி, சட்டத்தின் கணக்கில் தொழிலாளி என்று வருகிற ஒருவர் தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்திருந்து ஆட்குறைப்பு செய்யப்பட்டால், ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளமும் தர வேண்டும். என்னைப் போன்ற டெஸ்டிங் லீட் (டெஸ்டிங் குழுவை நடத்துபவர்) 'தொழிலாளி'யா, மேற்பார்வையாளரா என்பதில்தான் வழக்கே நடக்கும். 2015 ஜனவரியில் சென்னையில் ஒரு பெண் ஐடி ஊழியரின் பணிநீக்கத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்த கதையையும் அவர்தான் சொன்னார். (2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இப்போது இந்த நிலையில் இருப்பவர்கள் புதிய விதிகளைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

நான் வழக்குக்குப் போகவில்லை. அப்பா மருந்துச் செலவும் மகள் ஸ்கூல் ஃபீசும் கண் முன்னால் நின்றன. ஆனால் அன்றைக்கே கையெழுத்தும் போடவில்லை. எல்லாவற்றையும் மெயிலில் எழுதிக் கேட்டேன். இரண்டு மாதச் சம்பளம் மூன்று மாதமாயிற்று. ரிலீவிங் லெட்டரில் என்ன எழுதுவார்கள் என்பதை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்தேன். பணிக்கொடைக் (கிராஜுவிட்டி) கணக்கு வந்தபோது எட்டு வருடம் என்று போட்டிருந்தார்கள். 2015 ஜூலையிலிருந்து 2024 பிப்ரவரி வரை எட்டு வருடம் ஏழு மாதத்துக்கு மேல். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியைப் பணிக்கொடைச் சட்டம் முழு வருடமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. என் அடிப்படைச் சம்பளம் 52,000. அதைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்தால் ஒரு வருடத்துக்கு 30,000 வருகிறது. ஒன்பது வருடத்துக்கு 2,70,000. இரண்டு வரி மெயில் போட்டேன், மறுநாளே திருத்திவிட்டார்கள். அந்த முப்பதாயிரத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு "வருஷம் ஒன்னு குறையுதே" என்று சொன்னது அப்பா.

பணத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸ். கம்பெனிக் குழுக் காப்பீட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் ஐந்து லட்சம் வரை இருந்தது. கடைசி வேலை நாளோடு அதுவும் முடிந்தது. எழுபது வயது தாண்டிய, பக்கவாதம் வந்த ஒருவருக்குப் புதிதாகப் பாலிசி கேட்டால் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாமா என்று வேலையில் இருக்கும்போதே விசாரித்து வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. அம்மாவுக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அவருக்கென்று தபால் ஆபீசில் தனியாகப் பணம் போட்டு வைத்திருக்கிறோம். பெற்றோரைக் கம்பெனிப் பாலிசியில் மட்டும் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

பிப்ரவரி 29 அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லீப் வருடம். பிப்ரவரி 29இல் தொடங்கும் பாலிசிகளுக்குப் புதுப்பிக்கும் தேதி என்ன விழும் என்பதற்கு முப்பத்தியிரண்டு டெஸ்ட் கேஸ் எழுதி வைத்தவள் நான். நான்கு வருடத்தில் ஒரு நாள் வரும் நாள். அன்றைக்கு உள்ளே பார்க்க எனக்கு அனுமதி இல்லை. குழுவில் மிச்சமிருந்த ஒரு தம்பிக்குப் போன் செய்து, "எல்லாம் சரியாப் போச்சா?" என்று கேட்டேன். "போச்சுக்கா, நீங்க எழுதினதைத்தான் ஓட்டினோம்" என்றான்.

லேப்டாப்பை எடுத்துப் போகக் கூரியர் வந்தது அடுத்த திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் அதைத் துடைக்க உட்கார்ந்தேன். அம்மா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அப்பாவின் பழைய கணக்கு நோட்டு, அரிவாள்மனை, என் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், அதற்குப் பக்கத்தில் கம்பெனி லேப்டாப். நான்கு ஆயுத பூஜை. ஈரத் துணியால் துடைத்ததில் குங்குமம் போய்விட்டது. மூடி ஓரத்தில், கீல் இருக்கும் இடுக்கில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊக்கை வைத்துச் சுரண்டப் பார்த்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, விடு. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

கூரியர்ப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். லேப்டாப்பைத் திருப்பி சீரியல் நம்பரைப் படம் எடுத்தான், சார்ஜரைப் படம் எடுத்தான், குமிழ் ஷீட்டில் சுற்றி டேப் ஒட்டினான். ஒட்டிக்கொண்டே, "வேலைய விட்டுட்டீங்களாக்கா?" என்றான். "அனுப்பிட்டாங்க தம்பி" என்றேன். ஊரில் ஒரு ஆளிடம் அதை அப்படியே சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "இந்த ஒரு மாசத்துக்குள்ள இது எட்டாவது லேப்டாப்க்கா. எட்டயபுரத்துல ரெண்டு எடுத்தேன், கழுகுமலைல ஒன்னு. நேத்து இனாம்மணியாச்சில ஒரு அண்ணன், பாவம், கைக்குழந்தைய வச்சிக்கிட்டுக் குடுத்தாரு."

அவன் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். எட்டுப் பேர். கரிசல் காட்டு ஊர்களில், கதவைச் சாத்திக்கொண்டு, ஏதேதோ கம்பெனிகளுக்கு வேலை பார்த்த எட்டுப் பேர். ஒருவரை ஒருவர் தெரியாது. எங்கள் எல்லாரையும் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூரியர்ப் பையன்.

அன்றைக்கு ஆச்சியை ரொம்ப நினைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை எங்கள் வீட்டில் நான் தொடங்கி வைக்கவில்லை. ஏஜென்ட் சைக்கிளில் மரச்சில்லும் தாளும் கொண்டு வந்து போடுவார், ஆச்சி உள்பெட்டி, மேல்பெட்டி என்று ஒட்டிக் காயவைத்துக் கட்டிக் கொடுப்பார். கூலி குரோஸ் கணக்கு, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அப்புறம் அட்டைப்பெட்டி வந்தது, பெட்டி செய்ய மெஷின் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை ஏஜென்ட் சைக்கிள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. யாரும் வந்து எதையும் சொல்லவில்லை. ஆனால் ஆச்சிக்கு அது அதிர்ச்சியாக இல்லை. பெட்டி ஒட்டும் பெண்கள் சாயங்காலம் எங்கள் திண்ணையில்தான் கூடுவார்கள். எந்த ஆபீசில் மெஷின் இறங்கியிருக்கிறது, எந்த ஏஜென்ட் பாக்கி வைக்கிறார், யாருக்குச் சரக்குக் குறைந்திருக்கிறது என்பதெல்லாம் ஆறு மாதம் முன்பே அந்தத் திண்ணைக்கு வந்துவிட்டது. சைக்கிள் நின்றபோது ஆச்சியும் இன்னும் நாலு பேரும் ஏற்கெனவே கடலை மிட்டாய்க் கம்பெனியில் கடலை தோல் எடுக்கும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

என் வேலை எதனால் போனது என்பதைப் பிறகு நிதானமாகத் தேடிப் படித்தேன். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். எல்லாரும் இணையத்தில் கிடந்தார்கள், கம்பெனிகள் கண்மண் தெரியாமல் ஆள் எடுத்தன. பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் 2019 முடிவில் சுமார் 45,000 பேர், 2022இல் 87,000 பேர். 2022 மார்ச்சிலிருந்து அங்கே வட்டியை ஏற்றிக்கொண்டே போய், 2023 ஜூலைக்குள் ஐந்தே கால் சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். கடன் பணம் விலை கூடியதும் கத்திரிக்கோல் வெளியே வந்தது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேர். 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000. பெரிய கம்பெனி ஆளைக் குறைக்கும்போது எல்லாரும் செலவைப் பார்க்கத் தொடங்குவார்கள், எங்கள் இன்சூரன்ஸ் கிளையன்ட்டும் பார்த்தார். கோவில்பட்டியில் நான் இருக்கிறேனா, சோழிங்கநல்லூரில் இருக்கிறேனா என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வரவே இல்லை.

ஆபீசுக்குப் போனால் வேலை நிற்கும் என்பதற்கு எதிர்சாட்சி பிறகு நிறையவே வந்தது. டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்று சொன்ன கம்பெனி. 2025 ஜூலையில் அங்கேதான் இரண்டு சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாளும் வரச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் 14,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னால் எடுபடாது. அவருக்கு அமெரிக்க வட்டி தேவையில்லை, சொந்தக் கணக்கு வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தாளில், அவர் ஆபீஸ் பேரேட்டில் போடுவதுபோலவே இரண்டு பத்தி போட்டேன். எங்கள் குழு பதினாலு பேர். ஆபீஸ் வந்தவர்கள் ஒன்பது, போனவர்கள் நாலு. வெளியூரில் இருந்தவர்கள் ஐந்து, போனவர்கள் இரண்டு. நானும், தஞ்சாவூரிலிருந்து வேலை பார்த்த ஒரு பையனும். தாளை அவர் மடியில் வைத்தேன். இடது கை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். வாய் கொஞ்சம் குழறும், ஆனால் கணக்கு குழறாது. "ஒம்பதுல நாலு. அஞ்சுல ரெண்டு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அங்கனதான் கூட" என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாராவது வாசலில் அந்தப் பேச்சை எடுத்தால் அவரே கையை ஆட்டி மறுக்கிறார்.

ஆனால் சித்தப்பா மகளிடம் பாதிக் கதையை மட்டும் சொல்ல முடியாது. வெளியூரில் இருந்ததால் நான் இழந்ததும் உண்டு. 2022க்குப் பிறகு என் அப்ரைசல், அதாவது வருடாந்தர வேலை மதிப்பீடு, ஒரு படி இறங்கியது. வேலை அதேதான், ஆனால் கண்ணில் படுகிறவர்களுக்கு முதலில் கிடைத்தது. அதைவிட முக்கியமானது வேறு. எங்கள் குழுவில் ஆபீஸ் போய்வந்த ஒருவன் 2023 நவம்பரிலேயே வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாறிக்கொண்டான். நான் என்னமோ அவனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னான், கிளையன்ட் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று கேன்டீனில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. அவனுக்கு மூன்று மாதம் முன்னால் தெரிந்தது எனக்கு மூன்றரை மணி மீட்டிங்கில் தெரிந்தது. மீட்டிங்கில் எல்லாரும் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். மற்றதெல்லாம் சாப்பாட்டு மேஜையில், லிஃப்ட்டுக்கு நிற்கும்போது. நான் ஊருக்கு வந்து வேலையைத் தொலைக்கவில்லை, அந்த மூன்று மாதத்தைத் தொலைத்தேன். ஆச்சிக்கு ஒரு திண்ணை இருந்தது. அதே வீட்டில், அதே அறையில், எனக்கு அது இல்லை.

கூரியர்ப் பையன் போன அன்றைக்கே என் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: எனக்கு வேலை போய்விட்டது, நம் பக்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், வேலை போனவர்கள் யார் இருந்தாலும் சொல்லுங்கள். அதை எழுத எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வாரத்தில் ஏழு பேர் சேர்ந்தோம். இப்போது இருபத்தாறு பேர். மாதத்தில் முதல் ஞாயிறு சாயங்காலம் யார் வீட்டிலாவது கூடுகிறோம், பெரும்பாலும் எங்கள் வீட்டுத் திண்ணைதான். எந்தக் கம்பெனி அந்த மாதிரி 'கனெக்ட்' அழைப்பு அனுப்பத் தொடங்கியிருக்கிறது, எங்கே கான்ட்ராக்ட் ஆள் எடுக்கிறார்கள், எந்த எச்ஆர் என்ன காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார் என்று பேசுகிறோம். இனாம்மணியாச்சி அண்ணனும் வருகிறார். கைக்குழந்தை இப்போது திண்ணையில் ஓடுகிறது. எனக்கு ஐந்து மாதம் கழித்துக் கிடைத்த வேலை அங்கே வந்த ஒருவர் சொல்லித்தான். கான்ட்ராக்ட், பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு, வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டும். வீட்டிலிருந்தேதான்.

ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். மாதத்தில் இரண்டு நாள் என் செலவில் சென்னை போகிறேன். யாரும் வரச் சொல்வதில்லை. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தாம்பரம், அங்கிருந்து மேடவாக்கம் வழியாக பஸ். போய் வேலை பார்ப்பதைவிட, மதியம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நான் போவதன் காரணம். இரண்டு பாக்கெட் கடலை மிட்டாய் கொண்டுபோவேன். அதைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள், பேச்சும் வந்துவிடும்.

சித்தப்பா மகளிடம் இதைத்தான் சொன்னேன். சாத்தூரில் புருஷன், மாமியார், மூன்று வயதுப் பிள்ளை, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஏப்ரலில் சென்னை போவதா, வேறு வேலை தேடுவதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். பயத்தில் முடிவு செய்ய வேண்டாம் என்றேன். முதலில் உன் கம்பெனியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள், ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வா, உன் கிளையன்ட்டோடு ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று யாரிடமாவது கேள் என்றேன்.

"தனியா எப்படிக்கா போறது, யாரையும் நேர்ல பார்த்ததே இல்லையே" என்றாள்.

வரும் செவ்வாய்க்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். நான் கோவில்பட்டியில் ஏறுவேன், அவள் சாத்தூரில். அவளுக்கு லோயர் பெர்த் கிடைத்திருக்கிறது.